லிட்டருக்கு ஒரு கிலோ

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சத்துணவுக் கூடத்துத் தராசு சென்ற ஆடியில் பழுதானது. சரிபார்த்துத் தரச்சொல்லி சமையல்காரி அமுதவல்லி மனுக் கொடுத்தாள். மேலிடம் அதைக் கனிவுடன் பரிசீலித்து, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்றையும் மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்றையும் அனுப்பி வைத்தது.

"ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பது உலகறிந்த அறிவியல் உண்மை. எனவே அரிசி, பருப்பு, உப்பு உள்ளிட்ட அனைத்துப் பொருள்களும் இன்று முதல் லிட்டருக்கு ஒரு கிலோ எனக் கொள்ளப்படும்." கீழே கையெழுத்து: மதியழகன், அளவு ஒழுங்குமுறை அலுவலர்.

நூறு பிள்ளைகளுக்குப் பத்துக் கிலோ அரிசி. அமுதவல்லி பத்துக் குவளை அளந்து உலையில் போட்டாள். அரிசி என்ன தண்ணீரா? குவளைக்கு எண்ணூறு கிராமுக்குச் சற்று மேலேதான் நின்றது. வரிசையின் கடைசியில் நின்ற பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. உப்போ கூடிப்போய், சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் தண்ணித் தொட்டிக்கு ஓடின. மனசு கேக்காமல் மறுநாள் பன்னிரண்டு குவளை போட்டாள். அடுத்த வாரமே அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

"ரெண்டு கிலோ அரிசி எங்கம்மா போச்சு?"

"புள்ளைங்க வயித்துக்குத்தானுங்க சார். அரிசி லேசுங்க, உப்பு கனமுங்க. ரெண்டும் ஒண்ணாகுங்களா?"

"சட்டத்தின் முன் எல்லாம் சமம்மா."

"அப்பப் பொரியும் லிட்டருக்கு ஒரு கிலோங்களா?"

"பொரி பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமில்லை."

அமுதவல்லிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஐம்பது கிலோ மூட்டையைப் பிரித்து, அவர் கண் முன்னாலேயே குவளையால் அளந்து கொட்டினாள். அறுபது குவளை வந்தது. இப்போதாவது மனுசனுக்கு உறைக்கும் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா! என் திட்டத்தால மூட்டைக்குப் பத்துக் கிலோ கூடுதல் உற்பத்தி!"

இந்த வளர்ச்சியை மேலிடம் பாராட்டியது. ஆறு மூட்டை போகிற இடத்தில் இனி ஐந்து போதும் என்று ஒதுக்கீட்டைக் குறைத்தது. பத்துக் குவளைக்கு மேல் ஒரு பிடி போட்டாலும் வேலை போகும் என்று அமுதவல்லிக்கு மெமோவும் வந்தது.

பெற்றோர்கள் நாங்கள் சும்மா விடுவோமா? சங்கத் தலைவர் தனபால், "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துரலாமுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நாற்பது பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரண்டு போனோம். அங்கே அலுவலர், சிக்கனத்தில் முதலிடம் பெற்ற மையம் என்று எங்கள் ஊர்ப் பெயர் பொறித்த கேடயத்தோடு நின்றார். இடுப்பு உயரக் கேடயம், தங்க முலாம் வேறு.

தனபாலின் வேட்டி தானாக இறங்கியது. "போட்டோவுல கேடயத்த யாருங்க சார் புடிக்கறது?" என்றார். அந்த ஒரு விஷயத்துக்காக நாங்கள் அரைமணி நேரம் அடித்துக்கொண்டோம்.

அமுதவல்லி மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, அந்தப் பதினெட்டுப் புள்ளைங்க சோத்துக்கு என்னங்க வழி?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"பொறும்மா, போட்டோ முடியட்டும்" என்றோம்.

கைதட்டப் பிள்ளைகள் வேண்டுமே. சாப்பிட்டவர்கள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாமல் நின்ற அந்தப் பதினெட்டுப் பேரை முன்னால் நிறுத்தினோம். அதில் என் மகள் ஜெயப்பிரியாவும் ஒருத்தி. "இன்னும் பலமாத் தட்டு சாமி" என்று சொன்னவன் நான்தான்.