திறப்பு விழாவுக்குக் காத்திருந்த குளிர்

அறுவைச் சிகிச்சை முடிந்த மணிக்கட்டில் ஐஸ் பை வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். இதை எங்கள் கைச் சிகிச்சை வார்டில் மறுத்தவர் எவருமில்லை. ஐஸ் பைகள் இருந்த ஃப்ரிட்ஜைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்த கண்காணிப்பாளரும் மறுக்கவில்லை.

"குளிர் சிகிச்சைப் பிரிவை இயக்குநர் ஐயா சாயங்காலம் திறந்து வைக்கிறார். அதுவரைக்கும் யாருக்கும் குளிர் கிடையாது" என்றார்.

"வலி காலையிலேயே வந்துடுச்சே சார்" என்றேன்.

"வலிக்குத் திறப்பு விழா தேவையில்லை. சிகிச்சைக்குத் தேவை."

நான் தையல்காரன். கத்தரி பிடித்தே கெட்டுப்போன வலது மணிக்கட்டு. மரத்துப்போக வைத்த மருந்தின் தயவு தீர்ந்து, வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி எதிர்க்கடைக்கு ஓடி, உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, துணியில் சுற்றி என் கைக்கட்டின்மேல் வைத்தாள். அப்பாடா என்று கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரே கண்காணிப்பாளர்.

"இது என்ன?"

"பட்டாணிங்க" என்றாள் மனைவி.

"வைக்கவா, சாப்பிடவா?"

"வைக்கத்தான்."

"அப்போ இது வெளிச் சிகிச்சை. அனுமதி இல்லை."

"சரி, சாப்பிடத்தான்னு வச்சுக்குங்க."

"வேகாத பட்டாணி நோயாளிக்கு ஆகாது."

பட்டாணி ஃப்ரிட்ஜுக்குள் சிறை போயிற்று.

சாயங்காலம் ஐஸ் பைகளையெல்லாம் வார்டிலேயே போட்ட மேடையில், விளக்கு வெளிச்சத்தில், பூக்களுக்கு நடுவே அடுக்கினார்கள். குளிரின் பெருமையை இயக்குநர் பேசி முடிப்பதற்குள் அவை வெதுவெதுப்பாகிவிட்டன. அவற்றில் ஒன்றை எடுத்துத் தம்முடைய நல்ல மணிக்கட்டில் வைத்து, "ஆஹா, வலியே இல்லை" என்றார். கேமரா மின்னியது.

கைதட்டச் சொல்லிக் கண்காணிப்பாளர் எங்களுக்குக் கண்ணைக் காட்டினார். வார்டில் இருந்த அத்தனை பேரும் கையில் டாக்டர் கத்தி பட்டவர்கள். இருந்தாலும் தட்டினோம். பக்கத்துக் கட்டில்காரர் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். எங்களுக்கு வழிகாட்ட ஓங்கி ஓங்கித் தட்டிய கண்காணிப்பாளர், கடைசியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநருக்குக் கண் கலங்கியது.

"திறந்த உடனேயே இத்தனை கை குணமாயிடுச்சே. தட்டுற கைக்குப் படுக்கை எதுக்கு? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க."

மனைவி துணிமணிப் பையைத் தூக்கிக்கொள்ள, வீங்கிய கையோடு கிளம்பினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தோம். என் கட்டிலில் கண்காணிப்பாளர் படுத்திருந்தார். அவர் மணிக்கட்டில் எங்கள் பட்டாணி.

"அது நாங்க வாங்கினதுங்க" என்றாள் மனைவி.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்போ திறந்தாச்சும்மா" என்றார்.