கடலுக்கு முன் உப்புத்தாள்

இந்தப் பிறவியில் ஒரு காரியமாவது என் கையால் உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்று, பல் துலக்கும்போது முடிவு செய்தேன். அலுவலகத்தில் என் வேலை, மற்றவர்கள் எழுதியதற்குக் கீழே முத்திரை குத்துவது. என்னுடையது என்று காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது. ஆகவே பின்னறைச் சுவர் முழுக்க ஒரு கடல் வரைவது என்று தீர்மானம்.

மனைவி எதிர்ப்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை.

“வரைங்களேன். உங்களால முடியும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம். நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்தவன் யோசிப்பதில்லை.

“ஆனா, கடலை எட்ட நின்னுதானே பாக்கணும்? இந்த அறையில எட்ட நிக்க இடமேது?” என்றாள்.

நியாயம். கால் போன நாற்காலிகள், பழைய பெட்டிகள், என் சகலை தந்துவிட்டு மறந்துபோன உடற்பயிற்சி சைக்கிள், எல்லாவற்றையும் நானே தூக்கி வெளியேற்றினேன்.

“சுவரைத் தொட்டுப் பாருங்க. உப்புப் பூத்திருக்கு.”

“கடல்னா உப்பு இருக்காதா?”

“கடல்ல இருக்கலாம். சுவர்ல இருந்தா ஒரே மழையில உங்க அலை உதிர்ந்துடும்.”

ஆகவே கடலுக்கு முன்னால் உப்புத்தாள் வந்தது. சுரண்டினேன், தேய்த்தேன், விரிசல்களை அடைத்தேன். பாதிச் சுவர் என் மூக்குக்குள் குடியேறியது. “வெளிச்சம் இல்லாம நீலத்தை எப்படிப் பாப்பீங்க?” என்றாள். இறுகிக் கிடந்த ஜன்னலையும் இழைத்துத் திறந்தேன். திறந்த ஜன்னலில் பக்கத்து வீட்டு வக்கீலின் முகம்.

“என்ன சார், அலையடிக்கப் போறேன்னீங்க. வெள்ளையடிச்சிட்டிருக்கீங்க?”

“இது அடிப்படை வேலை சார்.”

“பாத்து சார். கடைசியில நுரை தள்ளிடப் போகுது.”

தள்ளத்தான் செய்தது. ஆனால் வெள்ளை காய்ந்ததும் அதன் குறுக்கே நீலத்தில் ஒரு நீளக் கோடு இழுத்தேன் பாருங்கள், அது என்னுடைய கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே வானம், கீழே தண்ணீர். நான் சொன்னதால் அப்படி. அதன்பின் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். நகக்கண்ணில் நீலத்தோடு முத்திரை குத்தினேன். மேலதிகாரி திட்டியபோதுகூட, இவருக்குக் கடல் வரையத் தெரியுமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

முடிந்தபோது அலைகள் கொஞ்சம் மெத்தை போலத்தான் இருந்தன. இருந்தாலும் என் அலைகள். மனைவி வந்து வெகுநேரம் பார்த்தாள்.

“உள்ள காத்து வீசுற மாதிரி இருக்குங்க,” என்றாள்.

அந்தப் பாராட்டு மறுநாள் அலுவலகம் முடியும்வரை தாங்கியது. திரும்பி வந்தால் பின்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், ஒரு நீள மேசை, துணி வெட்டும் நாலைந்து பெண்கள். நடுவே கழுத்தில் அளவு நாடாவோடு என் மனைவி.

அவளைத் தனியே அழைத்தேன். “என்ன இதெல்லாம்?”

“தையல் வகுப்பு. இந்த அறையை ஒழிச்சுக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? இடுப்புப் பிடிச்சிருக்குன்னீங்க.”

“அப்போ நம்பிக்கை இருக்குன்னது?”

“பொய்யா சொல்வேன்? அறைக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா நீங்க வரைஞ்சப்போ வாசல்ல நின்னு தினமும் பாத்தேன். உங்களுக்கே தெரியாது.”

கோபம் எங்கோ கரையொதுங்கியது. அதற்குள் ஒரு பெண் கத்தரியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

“அக்கா, இந்தக் கடலை யாரு வரைஞ்சாங்க?”

“எங்க வீட்டுக்காரர்தான்.”

நான் நிமிர்ந்து நின்றேன்.

“எங்க வீட்டுக்கும் வந்து வரைஞ்சு தருவாராக்கா?”

“கண்டிப்பா வருவார்மா,” என்றாள் என் மனைவி. “சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிறதையும் அவரே பாத்துக்குவார்.”