உடுப்புத் தோய்க்கிற அறையில் உலக சமாதானம்

ஸ்காபரோ,
14 நவம்பர் 1992

மாதாவின் துணையால் கொழும்பில் நலமாயிருக்கும் பெருமதிப்புக்குரிய மச்சான் பஸ்ரியன் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை வேரோனிக்காவும் இங்கு சுகம். குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் சுகத்துக்காகவும் மன்றாடுகிறோம். நிற்க.

ஒரு பெரும் போரை நான் தடுத்த செய்தியை நீங்கள் கட்டாயம் அறியவேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வோல்ரர் என்ற அமெரிக்கக் கிழவர், தனி ஆள். ஐந்தாம் மாடியில் மகளோடு நிக்கொலாய் என்ற ரஷ்யக் கிழவர். ஒரு வருடமாகத் தினமும் பின்னேரம் இருவரும் கீழ் மண்டபத்தில் சதுரங்கம் ஆடுவார்கள், இருவருக்கும் வேறு கூட்டாளி கிடையாது. போன மாதம் அங்குள்ள ரீவியில், முப்பது வருடத்துக்கு முன் ரஷ்யா கியூபாவுக்கு அணு ஏவுகணை கொண்டுபோனதையும் அமெரிக்கக் கப்பல்கள் கடலை மறித்ததையும் காட்டினார்கள். "நான் அந்த ஏவுகணைக் கப்பல் ஒண்டில வந்தனான்," என்றார் நிக்கொலாய். வோல்ரர் காயைக் கையில் வைத்துக்கொண்டே, "மறிச்ச கப்பலில நான் நிண்டனான். நீங்கள் பயந்து திரும்பினீங்கள்," என்றார். "துருக்கியில நீங்கள் வைச்சிருந்த ஏவுகணையளைக் களவாக் கழட்டேல்லையோ?" என்று நிக்கொலாய் கேட்க, பலகை கவிழ்ந்தது.

பதினொரு நாள் பேச்சில்லை. நான் சும்மா இருப்பேனா? இருவரையும் ஒரே லிப்ற்றில் ஏற்றினேன். வோல்ரர் இறங்கிப் படியால் போனார், முழங்கால் வீங்கிவிட்டது. சமாதானத்துக்கு, வோல்ரர் தந்ததென்று சொல்லி நிக்கொலாய்க்கு வடை கொடுத்தனுப்பினேன். உறைப்புத் தாங்காத நிக்கொலாய், அமெரிக்கன்தான் நஞ்சு வைத்துவிட்டான் என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவள் தகப்பனைக் கூட்டிக்கொண்டு மிசிசாகாவுக்கு வீடு மாறப்போவதாகச் சொன்னாள். இந்த வயதில் இரண்டு பேரும் இனி யாரோடு பேசுவார்கள்?

போன ஞாயிறு காலை இருவரும் உடுப்புத் தோய்க்கிற அறையில் அகப்பட்டார்கள். கதவை மறித்து நின்று நிக்கொலாயைக் கேட்டேன்: "திரும்பச் சொல்லி உத்தரவு வந்தநேரம் உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

அவர் ஈரச் சட்டையைப் பிழிந்தபடி நின்றார். "அழுதனான். மகள் பிறந்து இருபது நாள், முகம் பார்க்கேல்லை. இனிப் பார்க்கலாம் எண்டு அழுதனான்."

வோல்ரர் உடுப்புக் காயவைக்கிற மெசினைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்கள் திரும்பவேணும் எண்டு நான் செபம் பண்ணினனான். வெண்ட மாதிரி இருக்கேல்லை. தப்பின மாதிரித்தான் இருந்தது."

மெசின் நின்றதும் வோல்ரர் தன் படுக்கை விரிப்பின் ஒரு நுனியை நீட்டினார். நிக்கொலாய் அதைப் பிடிக்க, இருவரும் மடித்தார்கள். மச்சான், நான் அழுதுவிட்டேன். எங்கட நாட்டிலையும் ரெண்டு பக்கமும் ஒருக்கால் திரும்பினால் எத்தனை தகப்பன்மார்... சரி, விடுங்கோ. அன்று பின்னேரமே பலகை விரிந்தது. வீடு மாறும் கதையும் நின்றுவிட்டது.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மடு மாதா உங்கள் வாசலைக் காப்பாளாக.

இப்படிக்கு,
சமாதானம் செய்துவைத்த இக்னேசியஸ்

பி.கு.: அண்ணை, தபாலில போடச் சொல்லி என்னட்டைத் தந்தவர், நான் வாசிச்சுப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை இவர் பதினொரு மணிமட்டும் நல்ல நித்திரை. உடுப்புத் தோய்க்கப் போனதும் நான்தான், கதவில நிண்டு கேட்டதும் நான்தான். வந்து சொல்லேக்க இவர் போர்வைக்குள்ள இருந்து அழுதது மட்டும் மெய். அதாலதான் கிழிக்காமல் போடுறன். - வேரோனிக்கா