பொந்துக் கங்காணியும் தீபாவளிப் பிரட்டும்

இலங்கையில், கண்டிக்கு இருபது மைல் தள்ளி இருக்கிற மடுல்கெல்லப் பக்கத்து மலைகளில், பூமிக்கு மேலே வாழ்ந்ததைவிடப் பூமிக்குக் கீழே அதிகம் வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பொந்துக் கங்காணி என்போம். கங்காணி என்றால் கீழே ஆட்கள் இருக்க வேண்டும். இவருக்குக் கீழே இருந்தவை வௌவால்கள். அவையும் இவர் சொல் கேட்டதாகத் தெரியவில்லை.

உள்ளபடி அவர் தேயிலைத் தோட்டத்துத் தப்புக்காரர். விடியலில் தப்புப் பறை அடித்து, வரிசை வீடுகளான லயத்து ஜனங்களைப் பிரட்டுக்களத்துக்கு வரவைப்பது அவர் வேலை. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை உண்டு. ஆகவே அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எங்களுக்கெல்லாம் கால் முதலில் நடக்கும், கண் அப்புறம்தான் திறக்கும். நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்குப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா அவருடையது.

தோட்டத்து மூலையில் காப்பிக் காலத்து ஸ்டோர், அதாவது காப்பி ஆலை, ஒன்று இடிந்து கிடந்தது. அந்த நாளில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற சக்கரத்தைத் தண்ணீர்தான் சுற்றுமாம். அந்தத் தண்ணீரைக் கொண்டுவர மலையையே குடைந்திருக்கிறார்கள். காப்பிக்கு நோய் வந்து, தேயிலை வந்து, சக்கரத்தைக் கறையான் தின்றது. சுரங்கம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தது. குனிந்தால் ஆள் நுழையலாம். பொந்துக் கங்காணி ஞாயிறு தவறாமல் நுழைந்தார்.

"அதுக்குள்ள என்னண்ணே இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"ஒரு பக்கம் தொடங்குதுல்ல? அப்ப இன்னொரு பக்கம் முடியணும்ல? அது எங்கன்னு தெரியாம ஒரு மனுசன் எப்பிடித் தம்பி சோறு திங்கிறது?"

அதுவரை நன்றாகவே சோறு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி கொஞ்சம் குறைத்துத் தின்றார்.

உள்ளே போனால் வெறுங்கையோடு வரமாட்டார். துருப்பிடித்த பல்சக்கரத் துண்டு, முனை உடைந்த அலவாங்கு என்கிற கடப்பாரை, ஒற்றைப் பூட்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் வைத்திருப்பார். காப்பி செத்த அன்றைக்கு அந்த நாள் வெள்ளைக்காரத் துரை ஒற்றைக் காலில் பூட்ஸோடு கப்பலேறினாராம். இன்னொரு பூட்ஸ் சீமையில் இருக்கிறதாம். "நீங்க போயிப் பாத்தீங்களா?" என்று அவர் பெண்சாதி லெச்சுமியக்கா கேட்பாள். கேட்டுவிட்டு அந்தப் பூட்ஸில் மண் போட்டுக் கொச்சிக்காய் நட்டாள். நன்றாகக் காய்த்தது, நல்ல காரம். அலவாங்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். "எல்லாரும் தொரை வெட்டின சொரங்கம்ங்கிறாங்க. எந்தத் தொரை அலவாங்கு புடிச்சான்? நம்ம ஆளுக வெட்டினது."

வெளிச்சத்துக்கு மெழுகுதிரி. கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கட்டுக்கட்டாக வாங்குவார். "என்ன தம்பி, கிறிஸ்து வேதத்துல சேந்துட்டீங்களா?" என்று நானா கேட்டாராம். "இல்ல நானா, உள்ளுக்கு இருட்டு" என்று இவர் சொல்லியிருக்கிறார். நானா அதைப் பெரிய ஞானப் பேச்சு என்று நினைத்து, அன்றிலிருந்து இவரைக் கண்டால் எழுந்து நிற்பார்.

இத்தனைக்கும் லயத்தில் அவருக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு. பேச்சிக் கிழவி. தப்பு கொஞ்சம் முன்னே அடித்தாலும் திட்டுவாள், பின்னே அடித்தாலும் திட்டுவாள். "பொந்துல கெடக்கிற பெருச்சாளிக்கு விடியறது எப்பிடித் தெரியும்?" என்பாள்.

ஒரு நாள் சுரங்கத்தில் ஒரு கிளை வழி கண்டுபிடித்தார். அது துரை பங்களாத் தோட்டத்துப் பழைய தண்ணிக் கானில் போய் முடிந்தது. அங்கே விருந்துக்கு வந்த துரைசானி கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். முட்டைக்கோசுப் பாத்திக்கு நடுவில் ஒரு தலை முளைத்தது. சேறு பூசிய தலை. அது மரியாதையாக, "சலாம் தொரைசானி" என்றது. துரைசானி போட்ட சத்தத்தில் பங்களா நாய் மூன்றாம் மலை வரைக்கும் ஓடியது.

துரை கூப்பிட்டு விட்டார். துரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான் என்றாலும், அதில் மிரட்டுவதற்கு வேண்டியது எல்லாம் இருந்தது. "நீ இனிமே பொந்து உள்ளே போனான், பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு கொடுத்தால் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். காம்பிராவைக் காலி பண்ண வேண்டும். அவருக்குப் பச்சைக் குழந்தையோடு மூன்று பிள்ளைகள். துரைசானியைப் பயமுறுத்தியவன் என்று பேர் வாங்கினவரை வேறு தோட்டத்தில் யார் சேர்ப்பார்கள்? லெச்சுமியக்கா கைக்குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவரும் சத்தியம் பண்ணினார். சுரங்க வாய் இருந்த பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

தீபாவளி வரைக்கும்.

தீபாவளிக்கு லீவு. பிரட்டு இல்லை, தப்பு இல்லை. எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. உள்ளே நின்று தப்பு அடித்தால், முன்னால் வழி இருக்கிறதா பாறை இருக்கிறதா என்று சத்தம் திரும்பி வருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். தப்பையும், அதன் தோல் இறுகச் சூடு காட்டக் காய்ந்த புல்லையும் எடுத்துக்கொண்டு விடியலிலேயே நுழைந்துவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்களுக்கும் தெரியாது. சுரங்கத்துக்கு மூச்சு விட ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். அது பிரட்டுக்களத்து ஓரம், மானாப்புல்லுக்குள் மறைந்திருந்தது.

தப்புச் சத்தம் கேட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் எழுந்தோம், கூடையை எடுத்தோம், நடந்தோம். அவ்வளவுதான். தீபாவளி என்பது பிரட்டுக்களத்தில் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. தலையெல்லாம் எண்ணெய். ஒருத்தர் புது வேட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மறு நுனியைக் கையில் பிடித்திருந்தார். ஒருத்தி மாவுக் கையோடு நின்றாள். என் தலையிலிருந்து எண்ணெய் வழிந்து ஒரு கண் தெரியவில்லை.

"யாருடி தப்பு அடிச்சது?"

"கேக்குது, ஆளக் காணோம்."

அப்போதுதான் எல்லாருக்கும் காலடியில் அதிர்ந்தது. லெச்சுமியக்கா கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அவளைப் பார்த்த எங்களுக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்துத் துரை குதிரையில் வந்து இறங்கினார்.

"இன்னிக்கி லீவு. ஏன் ஆள் எல்லாம் நிக்கிறான்? தப்புக்காரன் எங்கே?"

பூமிக்கடியில் டண்டணக்கு டண்டணக்கு என்று போய்க்கொண்டிருந்தது. துரையின் ஆளான கணக்கப்பிள்ளை சொல்லிவிடத் தொண்டையைச் செருமினார்.

பேச்சிக் கிழவி கூடையோடு முன்னால் வந்தாள். கணக்கப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். செருமல் நின்றது.

"கொழுந்து முத்திப்போவுது தொரை. லீவுன்னு உட்டா யாருக்கு நட்டம்? நாங்களாத்தான் வந்தோம். தப்புக்காரன் முன்னாடியே மலைக்குப் போயிட்டான். அங்கேருந்து அடிச்சுக் கூப்புடுறான்."

"சத்தம் கீழே வருது?"

"மலையில மோதித் திரும்புது தொரை."

மானாப்புல்லிலிருந்து புகை கிளம்பியது. குதிரை பின்வாங்கியது. "அது என்ன?"

"மூடுபனி தொரை."

மாட்டுத் தோல் காய்கிற வாசனையோடு வந்த பனியைத் துரை கொஞ்ச நேரம் மோந்து பார்த்தார். பேச்சி நிற்கவில்லை. கூடைக் கயிற்றை எண்ணெய்த் தலையில் மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தாள். வேறு வழி? நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். கயிறு வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு வந்தது. தீபாவளி அன்று அந்தி சாயும் வரை கொழுந்து பறித்தோம். வழியெல்லாம் பொந்துக் கங்காணியைத் திட்டினோம். நான்கூட வாய்க்குள் திட்டினேன். துரையோ உருகிப்போனார். தன் ஆட்களுடைய விசுவாசத்தைப் பற்றிக் கண்டியில் மற்றத் துரைமாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாராம். மறு தீபாவளிக்கும் அதை எதிர்பார்த்தார்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பியபோது பொந்துக் கங்காணி சேற்றோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் எங்க போனீங்க? வெவஸ்தையே இல்லியா?" என்றார்.

லெச்சுமியக்கா வாயைத் திறந்தாள். பேச்சி அவள் கையைப் பிடித்தாள்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "முடிவு தெரிஞ்சு போச்சு. சொரங்கம் கண்டிக்குப் போவுது. நான் கடைத்தெருவுக்கு நேர் கீழ நின்னேன். தலைக்கு மேல எத்தனை சனம், எத்தனை காலு! குதிரைச் சத்தம்கூடக் கேட்டுச்சு. தீபாவளிக் கூட்டம்ல."

நாங்கள் எல்லாரும் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். லெச்சுமியக்கா வெந்நீர் எடுத்து வந்து, அவர் தலையில் எண்ணெயை வைத்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

பேச்சிக் கிழவி கூடையை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மெதுவாத் தேய்டி. பாவம், கண்டியிலேருந்து நடந்து வந்திருக்காரு."