நடைக்கோழிகளை எண்ணிக் காத்த கொமிட்டி

உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையின் விலை மூவாயிரம் டொலர். சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவில் ஒரு மாடி அறையில் இயங்கிய தீவுப் பறவைப் பாதுகாப்புக் கொமிட்டி 1974இல் இந்த மாபெரும் உண்மையை நிலைநாட்டியது. வருடச் செலவு நாற்பத்திரண்டாயிரம், பறவை பதினான்கு, வகுத்தால் மூவாயிரம். முந்திய வருடம் இருபத்தெட்டு இருந்தபடியால் ஒன்று வெறும் ஆயிரத்தைந்நூறுதான். ஒரே வருடத்தில் மதிப்பை இரட்டிப்பாக்கிய கொமிட்டி வேறெங்கே உண்டு?

பறவையின் பெயர் நடைக்கோழி. வடக்கே, வெப்பக் கடலில் ஒரு சிறு தீவில் வாழ்ந்தது. பறக்காது, பயப்படவும் தெரியாது. தகரத்தில் தட்டினால் என்ன புதினம் என்று பார்க்கக் காட்டுக்குள்ளிருந்து ஓடிவரும். மாதம் ஒருமுறை அங்கே போய்த் தகரம் தட்டி, வந்த தலைகளை எண்ணுவது விக்னராஜாவின் உத்தியோகம். தற்காலிக உத்தியோகம்.

அந்த மாதம் தட்டியபோது பத்தொன்பது பறவைகள் ஓடிவந்தன. பின்னாலேயே பூனையொன்றும் நாலு குட்டிகளும் வந்து, ஆளுக்கொன்றைக் கவ்விக்கொண்டு ‘விடைபெற்றன’. பூனைக்கும் தகரச் சத்தம் பழகிவிட்டது.

விக்னராஜா அடுத்த பிளேனில் திரும்பி, செயலாளர் சவரிமுத்துவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“சேர், பூனையை அங்கையிருந்து எடுக்கவேணும்.”

சவரிமுத்து மலேசியாக்காரர், சட்டம் தெரிந்தவர். “என்னா விக்னா, வெளையாடுறீங்களா? நம்ம சாமானோட தீவுக்கு எலி போச்சு. எலிகிட்டேருந்து அங்க உள்ள ஃபைலைக் காப்பாத்தப் பூனையைப் போட்டோம். அது நிரந்தர ஊழியர். மெமோ குடுக்காம தூக்க முடியுமா?”

“பூனைக்கு வாசிக்கத் தெரியாது, சேர்.”

“அது அதோட பிரச்சினை.”

“அப்ப தகரம் தட்டுறதையாவது நிப்பாட்டுவம்.”

“எண்ணாம விட்டா பறவை இருக்குன்னு யாருக்கய்யா தெரியும்?”

“பறவைக்குத் தெரியும், சேர்.”

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பூனைதான் காரணம்னு ஆதாரம் வேணும். நாலு வாரம் அங்கயே தங்கி, வாரா வாரம் எண்ணுங்க. உங்க வேலையும் இன்னும் நிரந்தரமாகல, ஞாபகம் இருக்கட்டும்.”

ஆக, அந்தத் தீவில் பூனை நிரந்தரம். மற்ற எல்லோரும் தற்காலிகம்.

முதல் வாரம் தட்டினார். பதினான்கு வந்தன, ஒன்பது மிஞ்சின. இரண்டாம் வாரம் நாலு மிஞ்சின. மூன்றாம் வாரம் அவர் தகரத்தை எடுக்குமுன்பே ஒரு நடைக்கோழி வந்து சப்பாத்து நூலைக் கொத்தி இழுத்தது.

“போ. எங்கையாவது போய்த் துலை!” காலால் மெல்லத் தள்ளினார். அது மற்றச் சப்பாத்துக்கு வந்தது.

அவர் பறவையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் ‘தட்டிய நேரம்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. தட்டினார். அன்று ஒரு குட்டிக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. ‘பயிற்சி போதாது’ என்று நேர்மையாகக் குறித்துக்கொண்டார்.

நாலாம் வாரமும் விதிப்படி தட்டினார். ஐந்து பூனைகள் ஒழுங்காகச் சமூகமளித்தன.

இவ்வளவு துல்லியமான அறிக்கையைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று சவரிமுத்து புகழ்ந்தார். விக்னராஜாவை அன்றே நிரந்தரமாக்கினார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கம் இது:

ஆரம்ப இருப்பு: பதினான்கு.
தகரத்தை நம்பி வந்தவை: பதினான்கு.
பூனைகள் கொண்டுபோனவை: பதினான்கு.
மீதி: இல்லை. பிழை: இல்லை.
தகரம் தட்டியவர்: க. விக்னராஜா.