நாலு காம்ரேடுகள்

தெலுங்குப் பாடப் புத்தகத்தை மாதா கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான் பிரகாசம். சிட்டிபாபு அறைக்குள் வந்ததும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான்.

"இன்னா காம்ரேட், திடீர்னு பக்தி? ஒண்ணு பாடேன், கேக்கறோம்."

பிரகாசம் பாடினான். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

சித்தூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த நாலு குமாஸ்தாக்களின் அறை அது. ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரித்ததும், தெலுங்குப் பரீட்சையில் தவறியவர்களை மெட்ராஸ் பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீசில் பேச்சு. யாரும் படிக்கக் கூடாது, நால்வரும் தவறி ஒன்றாகவே போக வேண்டும் என்று சத்தியம் செய்திருந்தார்கள். மற்ற மூவரும் ரகசியமாகப் படித்துவிட்டால்? தான் மட்டும் தனியாகப் போக நேருமே என்ற பயம் பிரகாசத்துக்கு.

அடுத்த நாளிலிருந்து மாலையில் தெலுங்கு வகுப்புக்குப் போனான். பாட்டுக் குழுவில் பயிற்சி என்று சொல்லிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூவரும் அவன் பாட்டைக் கேட்கக் கோயிலுக்கே வந்துவிட்டார்கள். குழுவின் நடுவில் புகுந்து வாயை மட்டும் அசைத்தான். பாதிரியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், காம்ரேடுன்னா இன்னா அர்த்தம்?" என்று வகுப்பில் கேட்டான்.

"ஸ்பெயின்காரங்க வார்த்தைய்யா. கமரான்னா அறை. ஒரே அறையில படுத்துக்கிற சிப்பாய்ங்கதான் காம்ரேட்" என்றார் சுப்பையா மாஸ்டர். "நம்பிக்கையெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு."

பிரகாசத்துக்குத் தங்கள் அறையும் சத்தியமும் நினைவுக்கு வந்தன. வெற்றுத்தாளைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

பரீட்சையில் முதல் கேள்வியே தோழமையைப் பற்றிய கட்டுரை. குற்ற உணர்ச்சியில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டான்.

நால்வரில் அவன் மட்டும் தேறினான்.

"கூடவே படுத்துக்கினு கழுத்தறுத்துட்டியே" என்றான் சிட்டிபாபு. மாற்றல் உத்தரவு வந்ததும் மூவரும் தண்ணீர்ப் பானையைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு ரயிலேறினார்கள்.

பிரகாசம் மாஸ்டர் வீட்டில் போய் உட்கார்ந்து அழுதான்.

"அவங்க மூணு பேரும் சத்தியத்தக் காப்பாத்திட்டாங்க சார். நான்தான் துரோகி."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"ஒருத்தன் விடிகாலையில வருவான், ஒருத்தன் மத்தியானத்துல, சிட்டிபாபு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். வருசம் பூரா தனித்தனியா சொல்லிக் குடுத்தேன், ஒருத்தனுக்கும் ஏறலய்யா."