உருளைக்கு வைத்த பொட்டு

வேலை கிடைக்காத மகனை வீட்டில் வைத்திருக்கும் தகப்பன் எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருப்பான். மகனைத் திட்ட மனசு வராது, சும்மா உட்காரவும் முடியாது. கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் ஏதோ குடும்பத்துக்காகப் பாடுபடுவது போல ஒரு தோற்றமாவது கிடைக்கும். என் மகன் குமரேசன் பி.காம். முடித்து இரண்டு வருஷம் வேலை தேடினான். அந்த இரண்டு வருஷத்தில் நான் ரேடியோவை, சுவர்க் கடிகாரத்தை, மாடி வீட்டு வக்கீலின் டேபிள் ஃபேனை எல்லாம் பழுது பார்த்தேன். (ரேடியோ இப்போது பேசுவதில்லை. வக்கீலும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.)

இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தது சலவை இயந்திரம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அடையாறில் ஒரு பங்களாவில் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டது. நான் போனது ஒரு புத்தக அலமாரி வாங்க. மீன்பாடி வண்டியில் அபிராமபுரத்துக்கு வந்து இறங்கியதோ அண்டா மாதிரி ஒரு தொட்டி, நாலு கால், காலுக்கு ஒரு சக்கரம். தொட்டிக்குள் நடுவில் ஒரு துடுப்பு. தொட்டியின் விளிம்பில் இரண்டு ரப்பர் உருளைகள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஈரத்துணியைக் கொடுத்தால் பிழிந்து அந்தப் பக்கம் தள்ளும். அந்த வீட்டுத் துரையைவிட அதற்கு வயது அதிகம் என்று சமையற்காரர் சொன்னார். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி தனம் வாசலில் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க, அலமாரிக்குக் கதவைக் காணோம்?”

“இது துணி துவைக்கிற மெஷின்.”

“ஓடுமா?”

“கொஞ்சம் வேலை இருக்கு.”

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் மல்லிகா, “அப்பாவுக்கா, மெஷினுக்கா?” என்று கேட்டாள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் ரசாயன ஆசிரியன். எதையும் முறைப்படி செய்பவன். முதலில் நோய் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் மருந்து. சுவிட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்’ என்று உறுமியது, துடுப்பு அசையவில்லை. ஆக, மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கோளாறு கீழே என்று தீர்மானித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். மோட்டாரையும் துடுப்பையும் இணைக்கும் பெல்ட் கருவாடு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. மந்தைவெளி மாவு மில்லில் கெஞ்சி ஒரு பழைய பெல்ட் வாங்கி, வெட்டித் தைத்து மாட்டினேன். இப்போது பெல்ட் வழுக்கியது, துடுப்பு அப்போதும் அசையவில்லை. துடுப்பின் அடியில் துரு ஏறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி நாலு நாள் ஊறவைத்து, குமரேசன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து முறுக்கியதில் அது ‘கிறீச்’ என்று கழன்றது. அடியிலிருந்து ஒரு குழந்தையின் காலுறை, இரண்டு ஊக்கு, ஒரு வெளிநாட்டுக் காசு எல்லாம் வந்தன.

மிச்சம் இருந்தது உருளைகள்தான். ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் உருளைக்குப் புது ரப்பர் போடும் பட்டறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, உருளைகளைச் சட்டத்தோடு கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் டில்லிபாபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, கரும்பு மிசினு மாதிரி கீது?”

“இல்லப்பா, துணி பிழியற மெஷின்.”

“துணிய கையால புழிஞ்சிக்கினா போச்சு. ஊட்ல யாருக்குனா கை சரியில்லியா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாத்து நல்லா போட்டுக் கொடு.”

“கவலய வுடு நைனா. ஸ்பிரிங்கும் லூசாக் கீது, டைட் பண்ணித் தரேன். உள்ள எது போனாலும் சக்கையா வந்துடும் பாரு.”

சக்கை என்றால் என்ன என்று யோசித்திருக்க வேண்டும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் குமரேசனுக்கு மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூ வந்தது. இரண்டு வருஷத்தில் வந்த நாலாவது இன்டர்வியூ. முந்தைய மூன்றிலும் அவன் வாயைத் திறந்து பேசவே இல்லை. கேள்வி கேட்டால் காது சிவந்துபோகும், அவ்வளவுதான். இந்த முறை விடக்கூடாது என்று உலக நாடுகளின் தலைநகரங்கள் அத்தனையையும் அவனுக்கு உருப்போட வைத்தேன். சாப்பிடும்போது ‘பெரு?’ என்பேன். ‘லிமா. கொஞ்சம் ரசம்’ என்பான். மயிலாப்பூரில் தையற்காரரிடம் கொடுத்து வெள்ளைப் பாப்ளினில் ஒரு சட்டை தைத்தோம். குமரேசன் அம்மா வழியில் ஆறடி உயரம், கடையில் தொங்கும் சட்டை எதுவும் அவனுக்குக் கை எட்டாது. ஆகவே அது ஒரே சட்டை.

இன்டர்வியூ விஜயதசமிக்கு மறுநாள். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை. தனம் பூஜை போட்டால் வீட்டில் எதுவும் தப்பாது. அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின், என் ஸ்குரூ டிரைவர், எல்லாவற்றுக்கும் சந்தனம், மஞ்சள், குங்குமம். சலவை இயந்திரத்துக்குச் சக்கரம் இருந்ததால் அதையும் வாகனக் கணக்கில் சேர்த்து, காலுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். புது உருளைகளில் மேலே இருந்ததிலும் வரிசையாகப் பொட்டு. பூஜையில் வைத்த கருவியை அன்று தொடக்கூடாது, விஜயதசமி அன்று எடுத்து வேலை தொடங்கினால் ஜெயம். இது ஊரறிந்த விஷயம்.

விஜயதசமி காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. மெஷினுக்கு இன்றுதான் முதல் சலவை. முதல் துணி மங்களகரமாக இருக்க வேண்டும். நாளை மகன் போட்டுக்கொண்டு போகப்போகும் சட்டையைவிட மங்களமான துணி இந்த வீட்டில் எது?

“அது புதுச் சட்டைங்க. எதுக்குத் துவைக்கணும்?” என்றாள் தனம்.

“புதுத்துணியில கஞ்சி மொடமொடன்னு நிக்கும். ஒரு தடவை அலசினாத்தான் உடம்போட ஒட்டும்.”

“உருளையில பொட்டு இருக்கே. துடைச்சிடவா?”

இந்த இடத்தில் என்னை யாராவது தடுத்திருக்கலாம். “காஞ்சுபோன குங்குமம், ஒட்டாது” என்றேன். ரசாயன ஆசிரியர் சொன்னால் அப்பீல் ஏது? குமரேசன் மட்டும் சட்டையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிடுங்கிப் போட்டேன்.

மெஷின் ஓடியது! துடுப்பு இப்படியும் அப்படியும் திரும்ப, நுரை பொங்க, சட்டை முங்கி முங்கி எழுந்தது. மல்லிகா கை தட்டினாள். வக்கீல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது. பிறகு சட்டையை உருளைகளுக்கு நடுவில் கொடுத்தேன்.

‘டப்.’ ‘டப்.’ ‘டப்.’

“என்னப்பா சத்தம்?” என்றாள் மல்லிகா.

பொத்தான்கள். டில்லிபாபுவின் ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் பொடியாக்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் சட்டை அப்பளம் மாதிரி அந்தப் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து விரித்தேன். முதுகில், தோளிலிருந்து கீழ்வரை, ஒரு சாண் இடைவெளியில் பொட்டு, பொட்டு, பொட்டு. உருளை ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு வரிசை அச்சடித்திருந்தது. அதுவும் சும்மா சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பு. சோப்புத் தண்ணீர் பட்டால் மஞ்சள் சிவக்கும். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு நான் செய்து காட்டும் பரிசோதனை அது.

குமரேசன் சட்டையை என் கையிலிருந்து வாங்கி, “பாண்டி பஜார்ல இந்த டிசைன் நல்லா விலை போகும்பா” என்றான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எலுமிச்சம்பழம் தேய்த்தோம் (சக்கரத்துக்கு வைத்ததுதான்). வெயிலில் போட்டோம். பொட்டு கொஞ்சம் வெளுத்ததே தவிரப் போகவில்லை. தனம் என் பழைய சட்டைகளிலிருந்து பொத்தான் பிய்த்துத் தைத்தாள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கடைசியில் மாடி வீட்டு வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்தார். அவரும் உயரம். “எது நடந்தாலும் கோட்டை மட்டும் கழட்டாதே” என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினேன். அனுப்பினேன் என்றா சொன்னேன்? கூடவே போனேன். அவன் மாடிப்படி ஏறியதும் எதிர்ப்புறப் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டடத்தில் மின்சாரம் போனது. ஜன்னலுக்குள் தெரிந்த மின்விசிறி நின்றதைப் பார்த்தேன். என் உயிரும் கூடவே நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் குமரேசன் வெளியே வந்தான். கோட்டு தோளில் இல்லை, கையில் தொங்கியது. மவுண்ட் ரோடு முழுக்கப் பார்க்க, முதுகில் பொட்டோடு தெருவைக் கடந்து வந்தான். காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

உள்ளே நடந்ததைப் பஸ்ஸில் சொன்னான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். “வக்கீல் ஆபீசிலேர்ந்து வரீங்களா?” என்பது முதல் கேள்வி. மின்சாரம் போனதும் வியர்வை மேஜையில் சொட்ட ஆரம்பித்தது. பெரியவராக இருந்தவர் “கோட்டைக் கழட்டுங்க தம்பி, மயக்கம் போட்டுடப் போறீங்க” என்று அதட்டினார். கழற்றி நாற்காலியில் மாட்டத் திரும்பியபோது முதுகு தெரிந்துவிட்டது.

“என்ன தம்பி இது?”

“அப்பா வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணினார் சார்.”

இனி வேலை கிடைக்காது என்று முடிவு கட்டியதில் அவனுக்குப் பயம் போய்விட்டதாம். மாவு மில், ஈக்காட்டுத்தாங்கல், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறான். என் குரலில் பேசியும் காட்டியிருக்கிறான். (இதை அவன் பிறகுதான் ஒப்புக்கொண்டான்.) பெரியவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, முன்னால் இருந்த காகிதத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அன்று காலை டைப் அடித்த காகிதம். அதன் முதுகில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு.

“எங்க டைப்பிஸ்ட் அம்மா பூஜைக்கு மெஷின் உருளையில பொட்டு வெச்சாங்க. காலையிலேர்ந்து இந்த ஆபீசுல வர்ற காகிதமெல்லாம் மங்களகரமாத்தான் வருது” என்றார். அப்புறம்தான் மூன்று பேரும் சிரித்தார்களாம். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: “ரெண்டு பொட்டுக்கு நடுவுல எவ்வளவு?”

“ஒரு சாண் சார்.”

“அப்ப உருளையோட சுற்றளவு?”

“அதே ஒரு சாண்தான் சார்.”

அவ்வளவுதான் இன்டர்வியூ. பெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வேலை உத்தரவு வந்த அன்று தனம் அதைப் பூஜையில் வைத்து நாலு மூலையிலும் குங்குமம் இடத் தொடங்கினாள். “எதுக்கும்மா கஷ்டப்படறே, அப்பா மெஷின்ல விட்டு எடுத்துடேன்” என்றான் குமரேசன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எந்த நல்ல காரியம் என்றாலும் “உருளையில விட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். மெஷினின் தொட்டியில் இப்போது தண்ணீர் பிடித்து வைக்கிறோம். நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்துக்கு அது செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது மல்லிகா பட்டப்படிப்பு முடித்துவிட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் இன்டர்வியூ. எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவளுடைய இஸ்திரிப் பெட்டி சரியாகச் சூடாவதில்லை என்று தோன்றுகிறது, கொஞ்சம் திறந்து பார்க்கலாம் என்றால் ஸ்குரூ டிரைவரைக் காணோம். தனத்தைக் கேட்டால், “பூஜையில இருக்கு, இப்ப எடுக்கக் கூடாது” என்கிறாள்.

ஆயுத பூஜை முடிந்து மூன்று மாதம் ஆகிறது.